பட்டாளத்து மாதாகோயிலும் கிழக்குக் கொத்தனாரும்

திசைகள் எட்டு என்று படித்தவர்கள் சொல்வார்கள். எங்கள் கிழக்குக் கொத்தனாரைக் கேட்டால் ஒன்றுதான் என்பார். மற்ற ஏழும் கிழக்குக்கு அக்கம்பக்கத்தார், அவ்வளவுதான். காலையில் சூரியனே ஈப்போவுக்குள் நுழையுமுன், "கொத்தனாரே, நான் சரியான இடத்துலதான் வாரேனா?" என்று ஒருமுறை அவரை எட்டிப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் மேலே ஏறும் என்று எங்கள் கூட்டத்தில் சத்தியம் செய்து சொல்வோம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். மலாயாவுக்குக் கப்பலில் வரும்போது கடலில் விழுந்துவிட்டதோ என்னவோ, யாருக்கும் தெரியாது. காரைக்குடிப் பக்கம். செட்டியார்கள் கோயில் கட்ட அழைத்து வந்த ஆள், வேலை முடிந்தும் திரும்பவில்லை. ஆள் ஒல்லி. மீசை மட்டும் ரசமட்டம் வைத்துக் கத்தரித்தது போல நேராக இருக்கும். கட்டி முடித்த சுவரைக் குதிரையைத் தட்டுவதுபோல முதுகில் தட்டி, "நில்லுடா ராசா" என்பார். அதுவும் நிற்கும்.

கோப்பிக் கடைக்குள் வந்தால் உடனே உட்கார மாட்டார். நடுவில் நின்றுகொண்டு, "தம்பி, கிழக்கு எது?" என்பார். தெரியாமல் கேட்பதில்லை. மற்றவர்கள் "சௌக்கியமா" என்று கேட்கிறார்களே, அதுபோல. நாங்களும் சளைத்தவர்களா? வேண்டுமென்றே கக்கூசு இருக்கும் பக்கம் கையைக் காட்டுவோம்.

"அடப் பாவி, உன் கல்யாணத்துக்கு நான்தானே மணவடை போட வருவேன்? உன்னையத் தெக்கே பாத்து உக்கார வச்சுட்டுப் போறேன், இரு" என்று சொல்லிவிட்டு, முக்காலியைக் கிழக்கே திருப்பிப் போட்டுத்தான் உட்காருவார். ஒருமுறை தெற்குவாசல் வீடு ஒன்றில் விருந்துக்கு அழைத்தார்கள். மரியாதையை விடவும் முடியவில்லை, அந்த வாசலில் நுழையவும் முடியவில்லை. கொல்லைப்புறமாகப் போய் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார்.

நான் அப்போது அவர் கட்டும் சுவர்களுக்கு வெள்ளையடிக்கும் ஆள். அவர் எனக்கு வைத்த பெயர் 'சுண்ணாம்பு'. கல்லும் கலவையும் சுமக்கும் பெண்களுக்குத் தலைவி பவுனம்மா அக்கா. நான் பள்ளிக்கூடம் போனதில்லை. இன்றைக்கு என் வாயிலும் பேனாவிலும் இருக்கும் பழமொழிகளில் முக்கால்வாசி அந்த அக்கா சாரத்தின் கீழே உதிர்த்தவை, நான் பொறுக்கிக்கொண்டவை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்த கதை இது. ஈப்போவுக்கு வெளியே தம்பூன் பக்கம் ஒரு பட்டாள முகாம் இருந்தது. நிரந்தரச் சிப்பாய்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களெல்லாம் வார நாளில் கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்துத் துரை, சனிக்கிழமை வந்தால் பட்டாளத்தான். குதிரையிலிருந்து இறங்கிச் சட்டையை மாற்றிக்கொண்டால் போர் வீரன். சனிக்கிழமை சுட்டுத் தள்ளுகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சாமி கும்பிட இடம் வேண்டாமா? ஒரு மாதாகோயில் கட்டுவதென்று முடிவாயிற்று. காண்டிராக்டு எங்கள் தவுக்கேவுக்குக் கிடைத்தது. சீன முதலாளி. தமிழ், மலாய், அவர் பாஷை மூன்றையும் ஒரே சட்டியில் கிளறிப் பேசுவார்.

முகாமின் பாதிரியார் அப்போது விடுமுறையில் சீமைக்குப் போயிருந்தார். கட்டடத்துக்குப் பொறுப்பு ஒரு கேப்டன் துரை. அவருக்கு ஓட்டப் பந்தயக் குதிரைகள் தெரியும். கோயில் தெரியாது. நீலக் காகிதத்தில் வரைந்த படத்தை நீட்டிவிட்டுப் போய்விட்டார்.

கொத்தனார் படத்தைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். தரையில் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"சுண்ணாம்பு, இங்க வா. இதப் பாரு. வாசல மேக்க வச்சிருக்கான். சாமி மேடை கிழக்கச் சொவத்து ஓரமா. அப்ப சாமி எந்தப் பக்கம் பாக்கும்?"

"மேக்க பாக்கும்ணே."

"விடியுறப்ப சூரியனுக்கு முதுகக் காட்டிக்கிட்டு ஒரு சாமி உக்காருமா? வரைஞ்சவன் சின்னப் பய போலருக்கு. அவசரத்துல மாத்திப் போட்டுட்டான். பாவம், நாம திருத்திருவோம். வெள்ளைக்காரன் சாமின்னா மட்டும் அதுக்கு வெயில் வேணாமா?"

வஞ்சகம் இல்லை, அகம்பாவமும் இல்லை. ஊர் பேர் தெரியாத ஒரு சாமிக்கு நல்லது செய்கிறோம் என்ற பெருமை மட்டும்தான்.

தவுக்கேயிடம் கேட்டார். தவுக்கே மனையைச் சுற்றி வந்தார். மேற்கே முகாமை ஒட்டி ஒரு சுண்ணாம்புப் பாறை மலை. கிழக்கே ஈயம் தோண்டி விட்ட பழைய குளம். சீன சாஸ்திரத்தில் அது அதிர்ஷ்ட மனை. தவுக்கேயின் கண் விரிந்தது. "பின்னால மலை, முன்னால தண்ணி! பாகூஸ்லா, ரொம்ப நல்லாருக்குலா, கொத்தனாரே! இந்த மாதிரி எடம் எங்காளு சமாதிக்கே கெடைக்காதுலா!"

காரைக்குடியும் சீனமும் ஒரே பேச்சில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். சீமையை யாரும் கேட்கவில்லை.

ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், கிழக்கே பார்த்து வாசல் நிலை வைத்தார். காட்டு மரத்தில் செய்த நிலை. மேலே கூம்பி வளைந்தது, ஆனை முட்டினாலும் அசையாதது. அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து தலைமாட்டில் தொங்கவிட்டு, தேங்காய் உடைத்து, சூடமும் காட்டியாயிற்று. அந்த நேரம் பார்த்துக் கேப்டன் துரை குதிரையில் வந்துவிட்டார். மஞ்சளைக் காட்டி இது என்ன என்று மலாயில் கேட்டார்.

நாங்கள் விறைத்து நின்றோம். பவுனம்மா அக்கா மட்டும் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "கறையான் மருந்து துரை!" என்றாள்.

துரைக்குப் பரம திருப்தி. மறு வாரம் முகாமின் குதிரை லாயம், துப்பாக்கிக் கிடங்கு, துரைமார் குடிக்கும் சாலை என்று எல்லா நிலைகளுக்கும் மஞ்சள் பூசச் சொல்லி உத்தரவு வந்தது. மலாயாவிலேயே சுமங்கலிக் களையோடு இருந்த பட்டாளம் அது ஒன்றுதான்.

அடுத்தது முட்டை. கொத்தனாருக்குச் சுவர் என்றால் காரைக்குடிச் சுவர். சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லத் தண்ணீரும் சேர்த்து, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு அடித்துத் தேய்த்தால் முகம் தெரியும். கூடை கூடையாக முட்டை வந்தது. வெள்ளை சுவருக்குப் போயிற்று. மஞ்சளை வீணாக்கலாமா? பட்டாளத்துக் குசினிக்குப் போயிற்று. அந்தக் கோயில் எழும்பி முடியும்வரை துரைமார்கள் காலையில் மஞ்சள், மத்தியானம் மஞ்சள், ராத்திரிப் பலகாரமும் மஞ்சள் என்று தின்று தீர்த்தார்கள். ஒரு துரை, "கோயில் எப்போ முடியும்?" என்று தினம் வந்து கேட்பார். பக்தி என்று நினைத்தோம்.

கட்டடமோ, சொல்லக் கூடாது, அப்படி ஒரு அழகு. ஓட்டுக் கூரை. கூம்பு வளைவுச் சன்னல்கள். தூண்களின் தலையில் யாருக்கும் தெரியாமல் ஒரு வரிசைத் தாமரை இதழ். மேலே சின்ன மணிக்கூண்டு. சாமி மேடைக்குப் பின்சுவரில் பதிக்கச் சீமையிலிருந்து வண்ணக் கண்ணாடி வைக்கோலில் பொதிந்து வந்தது. அதைப் பின்சுவரில்தான் பதித்தோம். பின்சுவர்தான் மேற்கே போய்விட்டதே! காலை வெயிலில் தகதகக்க வேண்டிய கண்ணாடிக்குக் கிடைத்த காட்சி, இருண்ட பாறையும் அதில் உட்கார்ந்து பேன் பார்க்கும் குரங்குகளும்.

வேலை முடிகிற சமயம் பாதிரியார் கப்பலிலிருந்து இறங்கினார். முன்பு தஞ்சாவூர்ப் பக்கம் இருந்தவர். தமிழ் பேசுவார். அவர் பேசுவதைக் கேட்டால் கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற மாதிரி இருக்கும் என்பாள் பவுனம்மா அக்கா.

கொத்தனார் அன்று வெளுத்த வேட்டி கட்டி, சரிகைத் துண்டு போட்டு, மீசைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு வாசலில் நின்றார். பாதிரியார் வந்தார். வாசலைப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார். தலைக்கு மேல் சூரியனைப் பார்த்தார். மறுபடி வாசலைப் பார்த்தார்.

"கொத்தனாரே, இவ்வாலயம் இவ்வாறு நிற்பதற்குக் காரணம் யாது?"

கொத்தனார் நெஞ்சை நிமிர்த்தினார். "படத்துல ஒரு சின்னத் தப்பு இருந்துச்சுங்க சாமி. வரைஞ்ச தம்பிய நீங்க ஒண்ணும் சொல்லப்படாது. நான் திருத்திட்டேன்."

பாதிரியார் வாசல் நிலையைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். அவர்கள் வழக்கத்தில் ஜனங்கள்தான் கிழக்கே பார்த்து நிற்க வேண்டுமாம். ஆண்டவர் கிழக்கிலிருந்து திரும்பி வருவார் என்று எதிர்பார்த்து நிற்பதாம். அதனால்தான் மேடை கிழக்கே, வாசல் மேற்கே. படத்தில் தப்பில்லை.

ஒரு மனிதனின் மீசை தொங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

"அப்ப... வர்ற சாமிக்கு எல்லாரும் முதுகக் காட்டி நிக்கிற மாதிரி கட்டிட்டேனா?"

பாதிரியார் திட்டியிருந்தால் கொத்தனார் பிழைத்துப் போயிருப்பார். "வேலைப்பாடு மிக நன்று" என்று அவர் தோளைத் தொட்டதுதான் மனிதரைக் கொன்றுவிட்டது.

"நிலையப் பேத்துத் திருப்பி வச்சிடலாம் அண்ணே" என்றேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல்.

"பூசை போட்டு வச்ச நிலைய எடுத்தா அந்த வீட்டுக்கு ஆகாதுடா" என்றார். "சாமி வீட்டுக்கே ஆகாமப் போச்சுன்னா நான் எங்கடா போய் நிப்பேன்?"

திறப்பு விழாவுக்குப் பெரிய பாதிரியார் வந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, ஒரு கட்டடத்தில் பலிபீடம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தையே கிழக்கு என்று வைத்துக்கொள்ளும் வழக்கமும் தங்களிடம் உண்டு, குறையில்லை என்று முடித்துவிட்டார். நாங்கள் ஆறுதலாகப் பெருமூச்சு விட்டோம். கொத்தனார் இடிந்து உட்கார்ந்துவிட்டார்.

"எனக்காவ மேக்கயே கிழக்காக்கிட்டாங்களே பவுனு! என் தப்ப மறைக்கத் திசையவே மாத்திட்டாங்களே! இனிமே நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஒருத்தன் வீட்டுக்கு மூல பாத்துச் சொல்லுவேன்?"

அக்கா எதற்கும் ஒரு பழமொழி வைத்திருப்பவள். அன்று பழமொழிக்குப் பதில் ஒரு சொம்புத் தண்ணீர்தான் கொண்டுவந்து வைத்தாள்.

அன்றிலிருந்து அவர் 'கிழக்கு' என்ற சொல்லை உச்சரிக்கவில்லை. சாரத்தில் நின்று வேலை சொல்லும்போதுகூட, "அந்தா, வேப்பமரத்துப் பக்கம்" என்பார். வேப்பமரம் இல்லாத இடத்தில் கையைக் காட்டுவார். "கிழக்கண்ணே!" என்று யாராவது கூப்பிட்டால் திரும்ப மாட்டார். புது வீட்டுக்கு நிலை வைக்கக் கூப்பிட்டால், "வேற நல்ல கையாப் பாருங்க" என்று விடுவார். கோப்பிக் கடைக்கு வந்தால் காலியாக இருக்கும் முக்காலியில், அது கக்கூசைப் பார்த்து இருந்தாலும், பேசாமல் உட்கார்ந்துகொள்வார். எங்களுக்குத்தான் கோப்பி இறங்காது. செட்டியார் கோயிலிலும் தூணுக்குப் பின்னால் நின்று கும்பிடுவார். "அந்தச் சாமிய அப்புடி வச்சவன், இந்தச் சாமி கண்ணுல எப்புடிடா படுறது?"

இதற்குள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூத்து ஆரம்பித்திருந்தது. எங்கள் பக்கம் கிழக்கே மலைத்தொடர் உயரம். சூரியன் தாமதமாகத்தான் தலை காட்டும். சரியாகப் பாதிரியார் ஜனங்களைப் பார்த்துப் பிரசங்கத்துக்கு வாயைத் திறக்கும் நேரம். வாசல் வழியே வெயில் உள்ளே பாயும், முட்டைப் பூச்சுச் சுவரில் பட்டு இரண்டு மடங்காகும், நேரே அவர் முகத்தில் விழும். முதல் ஞாயிறு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார் என்று முகாமில் பேச்சு. அது கொத்தனார் காதுக்கு வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு ஆள் ஒரு கீற்றுத் தட்டியோடு போய்விட்டார். பெரிய தட்டி. அதை நீள மூங்கிலில் கட்டி, வாசலுக்கு வெளியே ஒரு ஓரமாக நின்று, சூரியனுக்கும் பாதிரியார் கண்ணுக்கும் நடுவே தூக்கிப் பிடித்தார். சூரியன் ஏற ஏறத் தட்டியையும் ஏற்றுவார். சூரியன் நிலைக்கு மேலே போனதும் இறக்கிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நடையைக் கட்டுவார். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. மழை பெய்தாலும் போவார். "மழையில சூரியன் ஏதுண்ணே?" என்றால், "திடீர்னு வந்துட்டா?" என்பார்.

"உள்ளங்கையால சூரியனை மறைக்க முடியாதும்பாங்க" என்றாள் பவுனம்மா அக்கா. "எங்க கொத்தனாரு கீத்தால மறைச்சுக் காட்டிட்டாரு."

பிரசங்கம் நீண்டால் கொத்தனார் கை நடுங்கும். தட்டி ஆடும். பாதிரியார் முகத்தில் வெயில் கூத்தாடும். பாதிரியார் அந்த நடுங்கும் கையைப் பார்ப்பார், பேச்சைச் சட்டென்று முடித்துவிடுவார். மலாயாவிலேயே குறுகிய பிரசங்கம் அங்கேதான் என்று பெயராகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துத் துரைமார்களெல்லாம் அந்தக் கோயிலுக்கு வர ஆரம்பித்தார்கள். ஒரு துரை போகிறபோக்கில் கொத்தனாருக்குத் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்வார். கொத்தனாரோ அதற்கும் கூசிக் குறுகுவார்.

எத்தனையோ முறை நான் சொன்னேன். "அண்ணே, ஒருவாட்டி உள்ள போயித்தான் பாருங்களேன். நீங்க பூசுன சொவரு."

"போடா சுண்ணாம்பு. வெளிய நிக்கிறதே அதிகம்."

இப்படியே சில வருஷம் ஓடிற்று. பாதிரியார் ஊரைவிட்டுப் போகும் காலம் வந்தது. அவருடைய கடைசி ஞாயிறு. கொத்தனாருக்கு வயது ஏறிவிட்டதால் மூங்கிலைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். பவுனம்மா அக்காவும் வந்தாள், வேடிக்கை பார்க்க. தட்டியை நிமிர்த்தும் நேரம், வெள்ளை அங்கியோடு பாதிரியாரே வாசலுக்கு வந்துவிட்டார்.

"கொத்தனாரே, இன்று தட்டி வேண்டாம்."

"கண்ணு கூசுமுங்களே சாமி."

"கூசட்டும்."

கொத்தனார் தட்டியை விடவில்லை. பாதிரியார் முகம் சிவந்தது. வெயிலுக்கு அல்ல, வெட்கத்துக்கு. பத்திரிகைத் தமிழ்கூட அன்று அவருக்குத் தடுமாறிற்று.

"உம்மிடம் ஒன்று சொல்ல வேண்டும். முதல் ஞாயிறு நான் கண்ணைத் துடைத்தது மெய். கண் கூச்சத்தால் அல்ல. அந்தக் குளம், அதற்கப்பால் கித்தா மரங்கள், மலை, அதன்மேல் சூரியன் எழுந்து வருகிறது. எத்தனையோ ஆலயங்களில் நின்று பேசியிருக்கிறேன். எதிரே இருண்ட கதவைத் தவிர ஒன்றும் கண்டதில்லை. இங்கேதான் விடியலைக் கண்டேன். மறு ஞாயிறும் காண்பேன் என்று ஆவலாய் வந்தேன். நீர் தட்டியோடு நின்றீர்."

"சாமி..."

"நீர் அவ்வளவு பயபக்தியாய் நின்றீர். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாவு எழவில்லை. வாரந்தோறும் வெட்கப்பட்டே காலம் போய்விட்டது."

கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார்.

"அய்யய்யோ! ஒரு தப்ப மறைக்கப் போயி, சூரியனையே மறைச்சுட்டேனேய்யா! ஏ பவுனு, கேட்டியா? மறுபடியும் பண்ணிட்டேன்!"

"கேட்டேன், கேட்டேன். ரெண்டு பெரிய மனுசங்களும் வெக்கப்பட்டே வெயில வீணாக்கிட்டீங்க" என்றாள் அக்கா. "தட்டியக் கீழ போடுங்க முதல்ல!"

தட்டி விழுந்தது. பாதிரியார் உள்ளே போய் மேடையில் ஏறினார். கொத்தனார் வாசலுக்கு நேரே, தலையைக் குனிந்துகொண்டு அப்படியே நின்றார். உள்ளே நகரவும் மாட்டேன் என்கிறார், போகவும் மாட்டேன் என்கிறார். மேடையிலிருந்து பாதிரியார் தமிழிலேயே கூப்பிட்டார்.

"கொத்தனாரே, அங்கே நின்றால் இன்னும் மறைக்கிறீர். உள்ளே வாரும்!"

வேறு வழியில்லாமல் போயிற்று. செருப்பைக் கழற்றினார். நிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வலது காலை எடுத்து வைத்து உள்ளே போய்க் கடைசிப் பெஞ்சின் ஓரத்தில், உட்கார்ந்தும் உட்காராமலும் இருந்தார். அவர் நகர்ந்ததும் வெயில் அவரைத் தாண்டி ஓடி மேடைவரைக்கும் போயிற்று. அவர் கை தானாகப் பக்கத்துச் சுவரில் போய் நின்றது. மெல்ல ஒரு தட்டு. உதடு அசைந்தது. என்ன சொல்லியிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்குப் பிரசங்கம் என்ன பிரசங்கம்! நடுங்குவதற்குக் கை இல்லை, நிறுத்துவதற்கு ஆள் இல்லை. பாதிரியார் இத்தனை வருஷம் முழுங்கியதையெல்லாம் சேர்த்துப் பேசினார். முகம் முழுக்க வெயில். சூரியன் மணிக்கூண்டுக்கு மேலே போயும் அவர் நிறுத்தவில்லை. துரைமார்கள் நெளிந்தார்கள், தட்டி எங்கே என்று வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தொப்பி தூக்கும் துரை கொத்தனாரைக் கெஞ்சுவதுபோல ஒரு பார்வை பார்த்தார். கொத்தனார் கவனிக்கவில்லை. ஒரு எழுத்தும் புரியாத அந்தப் பேச்சைக் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

மறுநாள் காலை, கோப்பிக் கடையில் நல்ல கூட்டம். அவர் உள்ளே வந்தார். காலியாக ஒரு முக்காலி இருந்தது. உட்காரவில்லை. நடுவில் நின்றார். தொண்டையைக் கனைத்தார். எங்கேயோ பார்த்துக்கொண்டு, மெதுவாக, பெண் கேட்க வந்தவர் மாதிரித் தயங்கிக்கொண்டு கேட்டார்.

"தம்பி... கிழக்கு எது?"

கக்கூசுப் பக்கம் யாரும் கை காட்டவில்லை. கையிலிருந்த கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, அத்தனை பேரும் எழுந்து நின்று, ஒன்றாகக் கையை நீட்டிக் கிழக்கைக் காட்டினோம்.